பள்ளத்தூர்ப் பாப்பா
விழுந்தெழுந்த சிரிப்பின் வரலாறு

நகைச்சுவையோடு கலந்த மர்மக் கதைகளுக்கு உலகமெங்கும் ஏறக்குறைய ஒரே இலக்கணம்தான். ஒரு பணப்பெட்டி காணாமற் போகும். அல்லது பூட்டிய பெட்டகத்தின் மீது பலர் கண் வைப்பர். ஒருவர் வேடம் புனைவார். மற்றொருவர் அவரைத் துரத்துவார். துரத்துபவர் வாசற்படியில் தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் துப்புக் கிடைக்கும். மேலைநாட்டுக் கதைகளில் இவ்வாறு துரத்தி, தடுக்கி, விழுந்து, கடைசியில் வென்று தன் கூலியைப் பெற்றுச் செல்லும் பெண் பாத்திரங்கள் உண்டு. தமிழ்த் திரையில் அந்தப் பெண்ணைத் தேடினால் அவருக்கென்று தனிப் பெயரோ தனிக் கதையோ கிடைப்பதில்லை. ஆயினும், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஏதோ ஒன்றைத் துரத்திக்கொண்டே, தடுக்கி விழுந்துகொண்டே, விழுந்த வேகத்தில் எழுந்து நின்றுகொண்டே இருந்த ஒரு பெண் முகம் எல்லார் நினைவிலும் வந்து நிற்கும். அந்த முகம் மனோரமாவின் முகம்.

அவர் திரையில் துரத்தியவை பல: மாப்பிள்ளை, பணம், பதவி, மரியாதை. வாழ்வில் அவர் துரத்தியது ஒன்றே. அது அன்றாடக் கூலி. திரையில் அவர் தடுக்கி விழுந்தபோதெல்லாம் எவரும் அவரை இளப்பமாக எண்ணாமல், தம் வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து சிரிப்பதுபோலச் சிரித்ததற்கு அந்த வாழ்வுதான் காரணம் எனலாம். அதன் தொடக்கம் செட்டிநாட்டில் உள்ள பள்ளத்தூர்.

பெரிய வீடுகளும் சின்னப் பெண்ணும்

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தார். தந்தை காசி கிளாக்குடையார், தாய் இராமாமிர்தம். இராமாமிர்தத்தின் தங்கையையே தந்தை இரண்டாந்தாரமாக மணந்துகொண்டதால் குடும்பம் உடைந்தது. கைக்குழந்தையோடு தனித்து விடப்பட்ட தாய், சோழநாட்டு வயல்வெளியை விட்டுச் செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்தார். காரைக்குடிக்கு வடக்கே, கானாடுகாத்தானுக்கு அருகே இருக்கும் பள்ளத்தூர் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் அடைக்கலம் தந்தது.

நகரத்தார் வாழும் ஊர்களுள் பள்ளத்தூரும் ஒன்று. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எனத் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சில் முகம் தெரியும் சுவர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடந்த கொடுக்கல் வாங்கல் தொழிலின் செல்வம் அந்த வீடுகளாக எழுந்து நின்றது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அந்தச் செல்வத்தின் வேர் ஆட்டங்கண்டது. கோபிசாந்தா வளர்ந்தது அந்த ஆண்டுகளில்தான். பெரிய வீடுகளின் வாசல்கள் அப்போதும் அகலமாகத்தான் இருந்தன. அவற்றின் பின்கட்டில் பாத்திரம் துலக்கி, மாவிடித்து, தண்ணீர் சுமந்து பிழைத்த குடும்பங்களும் அதே ஊரில்தான் இருந்தன. இராமாமிர்தம் அத்தகைய வீட்டு வேலைகளைச் செய்து மகளை வளர்த்தார்.

பள்ளத்தூரில் கோபிசாந்தா பள்ளிக்குச் சென்றார். குரல் இயல்பாகவே இனிமையாக இருந்தது. எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் திருப்பிப் பாடும் திறமும் இருந்தது. ஆனால் படிப்பு நீடிக்கவில்லை. தாய் இரத்தவாந்தி எடுத்து நோயுற்றபோது, பதினொரு வயதுச் சிறுமி பள்ளியை விட்டு நின்று, தாய் செய்த வீட்டு வேலையைத் தானே ஏற்றார். குடும்பத்தின் சோற்றுப்பானை ஒரு குழந்தையின் கைக்கு வந்தது. அதற்குப் பின் அந்தக் கை ஓய்ந்ததில்லை.

இன்று அதே பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி பெயரால் ஒரு மகளிர் கல்லூரி நடக்கிறது. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் அங்கே வந்து பட்டம் பெறுகிறார்கள். பதினொரு வயதில் புத்தகப் பையை இறக்கி வைத்த ஒரு பெண்ணின் ஊர் அது என்பதை அறிந்தவர்க்கு, அந்தக் கல்லூரியின் வாயிலைக் கடக்கும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று தட்டும்.

திரைக்குப் பின்னிருந்து வந்த குரல்

நாடகம் அவரைத் தேடி வந்ததும் ஒரு தற்செயலே. ‘அந்தமான் காதலி’ என்னும் நாடகம் பள்ளத்தூரில் நடந்தபோது பாடுவதற்கு ஒரு பெண்குரல் தேவைப்பட்டது. ஊரில் நன்றாகப் பாடும் சிறுமி என்று கோபிசாந்தாவை அழைத்து வந்தனர். பன்னிரண்டு வயதை எட்டியிருந்த அந்தச் சிறுமி பாடினார். பிறகு நடிக்கவும் செய்தார். நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராசனும் அவருக்கு மனோரமா என்று பெயர் சூட்டினர். ஆனால் ஊர்மக்கள் வாயில் அவர் பள்ளத்தூர்ப் பாப்பா ஆனார். அக்கம்பக்கத்து ஊர்களில் நாடகம் என்றால் பள்ளத்தூர்ப் பாப்பா வருகிறாரா என்று விசாரிக்கும் நிலை சில ஆண்டுகளிலேயே உண்டாயிற்று.

புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரை வட்டாரங்களின் நாடக மேடையை அறிந்தவர்கள் ஒன்றை நினைவு கூர்வர். விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் பபூனுக்கும் நடனமாடும் பெண்ணுக்கும் இடையே ஒரு வாய்ச்சண்டை தவறாமல் இருக்கும். பபூன் வம்புக்கு இழுப்பான். அந்தப் பெண் அதே சூட்டில் திருப்பிக் கொடுப்பாள். எழுதி வைத்த வசனம் குறைவு. நாக்கின் விரைவுதான் முதல். கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே கொட்டாவி விடுகிறது என்று பார்த்து, அந்தக் கணமே பேச்சை வளைத்துக்கொள்ள வேண்டும். மனோரமா நடித்தவை பெரும்பாலும் சமூக, சரித்திர நாடகங்கள். ஆயினும் அந்த வட்டார மேடைகளில் ஊறிக் கிடந்த எதிர்வாய் கொடுக்கும் மரபு, பின்னாளில் அவர் நாகேஷோடும் சோவோடும் தேங்காய் சீனிவாசனோடும் நடத்திய சொற்போர்களில் அப்படியே புலப்படும். பெண்ணை வைத்துச் சிரிப்பு மூட்டுவது வேறு. பெண்ணே சிரிப்பு மூட்டுவது வேறு. இரண்டாவதற்குரிய பயிற்சிக்களம் தென்பாண்டிச் சீமையின் கொட்டகைகளில் இருந்தது.

வைரம் நாடக சபா நாடகங்களில் நடித்த பின்னர், எஸ்.எஸ்.இராசேந்திரனின் நாடக மன்றத்தில் மனோரமா சேர்ந்தார். ‘மணிமகுடம்’, ‘தென்பாண்டி வீரன்’, ‘புது வெள்ளம்’ முதலிய நாடகங்களில் நடித்தார். அறிஞர் அண்ணா, கலைஞர் கருணாநிதி ஆகியோருடன் மேடையில் நடிக்கும் வாய்ப்பும் அக்காலத்தில் கிட்டியது. பின்னர்த் திரையில் எம்.ஜி.இராமச்சந்திரன், ஜெயலலிதா, ஆந்திரத்து என்.டி.இராமராவ் ஆகியோருடனும் நடித்தமையால், முதலமைச்சர்களாக உயர்ந்த ஐவரோடு நடித்தவர் என்னும் தனிச்சிறப்பு அவருக்கு வாய்த்தது.

கதாநாயகியா, நகைச்சுவையா?

திரையுலகில் அவர் எடுத்து வைத்த முதல் அடிகள் சறுக்கல்களாகவே அமைந்தன. முதலில் ஒப்பந்தமான ‘இன்ப வாழ்வு’ பாதியிலேயே நின்றது. அடுத்து வந்த ‘ஊமையன் கோட்டை’யும் கைவிடப்பட்டது. இப்படி இரண்டு படங்கள் முடியாமல் நின்றபின் மூன்றாவதாகக் கண்ணதாசனின் ‘மாலையிட்ட மங்கை’ வந்தது. 1958இல் வெளியான அப்படத்தில் கவியரசர் மனோரமாவுக்கு அளித்தது நகைச்சுவைப் பாத்திரம்.

கண்ணதாசனும் செட்டிநாட்டின் சிறுகூடற்பட்டியில் பிறந்தவர். நாடகங்களில் நாயகியாக நடித்துப் பழகிய பெண்ணுக்கு நகைச்சுவை வேடம் தருவது அக்காலத்தில் ஒரு படி இறக்குவது போலவே கருதப்பட்டது. மனோரமாவும் தயங்கினார். நாயகியாக வருபவர்களுக்குச் சில ஆண்டுகளே ஒளி. நகைச்சுவை நடிகைக்கோ நீண்ட ஆயுள் என்பது கவிஞரின் கணிப்பு. அக்கணிப்பு எவ்வளவு சரியானது என்பதற்குப் பின்வந்த ஆறு பதின்ம ஆண்டுகள் சான்று.

அந்தத் தயக்கத்துக்கு நியாயமும் இருந்தது. அவருக்கு முன் தமிழ்த் திரையில் நகைச்சுவை நடிகையர் இல்லாமல் இல்லை. கலைவாணரோடு இணையாக நின்ற டி.ஏ.மதுரம் அறிவும் குறும்பும் கலந்த சிரிப்பைத் தந்தார். சி.டி.இராஜகாந்தம், டி.பி.முத்துலட்சுமி ஆகியோர் தத்தமக்கென ஒரு வழியை வகுத்துக்கொண்டனர். பருத்த உடம்பைக் கேலிக்குரியதாக்கிய காட்சிகளில் அங்கமுத்து நடித்தார். ஆனால் இவர்களுள் பலரும் ஓர் ஆண் நகைச்சுவை நடிகரின் நிழலிலேயே அறியப்பட்டனர். அந்த நடிகர் இல்லையேல் இணையும் இல்லை. மனோரமாவின் வழி அவ்வாறு அமையவில்லை. சந்திரபாபு, நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராசன் எனத் தலைமுறை தலைமுறையாக இணைகள் மாறினர். மாறாமல் நின்றவர் அவர் ஒருவரே.

1963இல் மாடர்ன் தியேட்டர்சின் ‘கொஞ்சும் குமரி’ அவரைக் கதாநாயகியாகவே ஆக்கிப் பார்த்தது. சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்சு சண்டையும் மர்மமும் கலந்த விறுவிறுப்பான படங்களுக்குப் பேர்போன நிறுவனம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலான ‘திகம்பர சாமியா’ரை 1950இல் படமாக்கி, எம்.என்.நம்பியாரைப் பல வேடங்களில் உலவவிட்டதும் அந்நிறுவனமே. அத்தகைய பட்டறையில் நாயகியாக நின்ற பின்னும், மனோரமா அந்தப் பாதையில் தொடரவில்லை. மீண்டும் சிரிப்பின் பக்கமே திரும்பினார். நாயகியின் இடம் ஒருமுறை கைக்கு எட்டியது. அது தம் இடமன்று என்று கண்டுகொள்ள அந்த ஒருமுறை போதுமாயிருந்தது.

அவருடைய சொந்த வாழ்விலும் இத்தகைய சோதனைகள் உண்டு. நாடகக் குழுவில் உடன் பணியாற்றிய எஸ்.எம்.இராமநாதனை 1964இல் மணந்தார். ஓர் ஆண்மகவு பிறந்தது. இரண்டாண்டுகளில் மணவாழ்வு முறிந்தது. தாயைப் போலவே மகளும் கைக்குழந்தையோடு தனித்து நின்றார். ஒரே வேறுபாடு, மகளின் கையில் ஒரு தொழில் இருந்தது.

பெட்டகமும் பொய்ச்சாமியாரும்

நகைச்சுவையும் திருட்டும் வேடமும் கலந்த கதைகளில் மனோரமாவின் பங்கை அறிய மூன்று படங்களை எடுத்துக்கொண்டால் போதும்.

முதலாவது 1972இல் வந்த ‘காசேதான் கடவுளடா’. காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பர் நிறுவிய ஏ.வி.எம். நிறுவனத்தின் தயாரிப்பு. சித்ராலயா கோபு தம்முடைய மேடை நாடகத்தைத் தாமே இயக்கிப் படமாக்கினார். செல்வர் வீட்டின் பெட்டகத்தில் பணம் இருக்கிறது. வீட்டுத் தலைவருக்கோ வாய் திறக்க உரிமையில்லை. சாவி அவருடைய இரண்டாம் மனைவியின் கையில். வீட்டுப் பிள்ளைகள் இருவர், தேநீர்க் கடைக்காரர் ஒருவரைச் சாமியார் வேடத்தில் உள்ளே கொண்டுவந்து பணத்தைக் கிளப்பத் திட்டமிடுகிறார்கள். சாமியாராகத் தேங்காய் சீனிவாசன், சாவிக்காரியாக மனோரமா. கதைப்படி ஏமாற்றப்பட வேண்டியவர் மனோரமா. ஆனால் அவர் முகத்தில் ஐயமும் பக்தியும் மாறி மாறி வந்து போகும் விதத்தைப் பார்த்தால், அகப்பட்டுக்கொண்டவர் யார் என்பதே ஐயமாகிவிடும். ஏமாளியை முட்டாளாக நடிப்பது எளிது. மனோரமா ஏமாளியை அறிவாளியாக நடித்தார். அதனால்தான் பொய்ச்சாமியார் ஒவ்வொரு கணமும் வியர்க்க வேண்டியதாயிற்று. மர்மமும் சிரிப்பும் ஒரு சேர நின்றன.

இரண்டாவது 1988இல் வந்த ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’. அதுவும் ஏ.வி.எம். தயாரிப்பே. பாண்டியராசனும் ஊர்வசியும் இளம் தம்பதியர். தானே ஓடும் ஒரு சின்னக் காரும் கதையில் ஒரு பாத்திரம். ஆயினும் படத்தின் பெயரே பாட்டியின் பெயர்தான். ஐம்பதைக் கடந்த ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி, அவரைச் சுற்றி வில்லன்களையும் துரத்தலையும் அமைத்த படங்கள் தமிழில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். முதுமைக்குரிய தளர்ச்சியையும் குழந்தைக்குரிய பிடிவாதத்தையும் அவர் ஒரே உடம்பில் காட்டினார். ஆட்டம் பாட்டம் சண்டை எல்லாவற்றிலும் பாட்டி கலந்துகொண்டபோது, பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தனர்.

மூன்றாவது 1990இல் வந்த ‘நடிகன்’. தாயின் மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டிய இளைஞன், முதியவர் வேடமிட்டு இசையாசிரியராக ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அந்த வீட்டில் மணமாகாமலே வயதாகிவிட்ட பெண்ணாக மனோரமா. பொய்யான முதியவர்மீது மெய்யான காதல் அவருக்குப் பிறந்துவிடுகிறது. அரங்கம் அதிர்ந்து சிரித்த காட்சிகள் அவை. ஆனால் கூந்தலில் பூ வைத்துக்கொண்டு கண்ணாடிமுன் நாணும் அந்த முகத்தை ஒருகணம் நின்று நோக்கியவர்க்கு, சிரிப்பு தொண்டையில் சற்றே தடைப்பட்டிருக்கும். வயது முதிர்ந்த பெண்ணின் ஆசை நகைப்புக்குரியது என்று கதை சொல்லிற்று. நகைப்புக்குரியதுதான், ஆனால் அது ஆசைதானே என்று அந்த நடிப்பு பதில் சொல்லிற்று.

இம்மூன்றிலும் அவர் விழுகிறார், ஏமாறுகிறார், தவறான கதவைத் திறக்கிறார். அமெரிக்காவில் 1951 முதல் 1957 வரை தொலைக்காட்சியில் லூசில் பால் என்னும் நடிகை ‘ஐ லவ் லூசி’ தொடரில் இவ்வாறே தவறுக்கு மேல் தவறு செய்து நாட்டையே சிரிக்க வைத்தார். இருவர் கலையிலும் உள்ள ஒற்றுமை ஒன்று: தவறு செய்யும் பெண் ஒருபோதும் அழகுக்காகத் தவறு செய்வதில்லை. அவளுக்கு அந்த வேலை முடிந்தாக வேண்டும். முடிக்கும் அவசரத்தில்தான் தடுக்குகிறாள். அந்த அவசரத்தை நம்பும்படி செய்வதே நடிப்பு. பதினொரு வயதில் பிறர் வீட்டு வேலையை அவசரம் அவசரமாக முடித்துப் பழகிய ஒருவர்க்கு அதனை நடித்துக் காட்டப் பெரிய ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

ஜில் ஜில் ரமாமணி

மனோரமா ஏற்ற பாத்திரங்களுள் மணிமுடியாக நிற்பது ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் வரும் ஜில் ஜில் ரமாமணி. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவலை ஏ.பி.நாகராசன் 1968இல் படமாக்கினார். சிவாஜி கணேசன் நாதசுர வித்துவான். பத்மினி நாட்டியக் கலைஞர். இரு பெருங்கலைஞர்களின் செருக்கும் காதலும் மோதும் கதை. அந்தப் பெரிய கலைகளின் ஓரத்தில், ஊர் ஊராகச் செல்லும் நாடகக்காரியாக ஜில் ஜில் ரமாமணி வருகிறார்.

நாடகக் கொட்டகையின் மலிவான பளபளப்பு, எதிரே நிற்பவர் பெரிய வித்துவானா சின்னவரா என்று பாராமல் உறவு கொண்டாடும் வெள்ளை உள்ளம், மூச்சு விடாமல் ஓடும் பேச்சு ஆகிய மூன்றையும் கொண்டு அப்பாத்திரம் எழுந்தது. சிவாஜி, பத்மினி, டி.எஸ்.பாலையா, நாகேஷ் என நடிப்பில் மலைகள் சூழ்ந்த படத்தில், சிறிது நேரமே வரும் ரமாமணி எவர்க்கும் பின்தங்கவில்லை. காரணம் எளிது. சிவாஜி நாதசுரக் கலைஞரைக் கற்று நடித்தார். பத்மினி மோகனாம்பாளைத் தம் கலையால் உருவாக்கினார். மனோரமாவோ தாம் விட்டு வந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்தார். பள்ளத்தூர்ப் பாப்பா திரைக்கு வராமல் நாடகத்திலேயே நின்றிருந்தால் எப்படி இருந்திருப்பாரோ, அப்படி இருந்தார் ரமாமணி. தம்மைத் தாமே கேலி செய்யவும் தம்மைத் தாமே மதிக்கவும் ஒரே நேரத்தில் முடிந்தவர்க்கே அந்தப் பாத்திரம் கைகூடும்.

பல ஊர்த் தமிழ்

பாவலர்கள் மனோரமாவிடம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. அது செவி. தமிழ் ஒரே மொழியாக எழுதப்பட்டாலும் ஊருக்கு ஊர் வேறு வேறாகப் பேசப்படுகிறது. செட்டிநாட்டின் இழுவையும், மதுரையின் வேகமும், கொங்குநாட்டின் குழைவும், அக்கிரகாரத்தின் பேச்சும், சென்னைக் குப்பங்களின் முரட்டு இனிமையும் அவர் நாவில் தனித்தனியே குடியிருந்தன. 1968இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சோவுடன் சென்னைத் தமிழில் அவர் நடித்த பகுதியும், வி.குமார் இசையில் அவர் தம் குரலிலேயே பாடிய பாட்டும் தமிழகமெங்கும் பரவின. ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் கொங்குநாட்டுத் தாயாக, எடுப்பான பல்லும் வெள்ளந்தி மனமுமாக வந்தார். பிறந்தது தஞ்சைத் தரணியில், வளர்ந்தது செட்டிநாட்டில், வாழ்ந்தது சென்னையில். ஆயினும் எந்த வட்டாரத்தாரும் அவரைத் தம்மூர்ப் பெண் என்றே எண்ணினர்.

வட்டார வழக்கைச் சிரிப்புக்காகத் திரிப்பது திரையுலகில் எளிய வழி. மனோரமா அதைத் திரிக்கவில்லை. அந்தந்த ஊர்ப் பெண்டிர் பேசும் இசையை அப்படியே வாங்கிக்கொண்டார். ஒரு சொல்லின் பொருளைவிட அதன் ஏற்ற இறக்கம் மனிதரைக் காட்டிக் கொடுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எழுத்தில் வட்டார வழக்கைக் கையாளும் படைப்பாளிகளுக்கு இதைவிடச் சிறந்த பாடம் எளிதில் கிடைக்காது.

ஆச்சி என்னும் பெயரும் இந்த மொழித்திறத்தால் வந்ததே. வானொலி நாடகம் ஒன்றில் அவர் செட்டிநாட்டு வழக்கில் பேசி நடித்தார். அதைத் தொடர்ந்து உடன் இருந்தவர்கள் அவரை ஆச்சி என்று அழைக்கத் தொடங்க, அதுவே திரையுலகம் முழுவதற்கும் நிலைத்த பெயராயிற்று.

கண்ணம்மாவின் துடைப்பம்

1986இல் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ வந்தது. நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பிளவைச் சொல்லும் அப்படத்தில் மனோரமா வேலைக்காரி கண்ணம்மா. வீட்டுக்காரர்கள் தம்முள் கோடு கிழித்துப் பிரிந்து நிற்கும்போது, அந்தக் கோட்டை மதியாமல் எல்லாப் பக்கமும் போய்வரும் ஒரே ஆள் வேலைக்காரிதான். குடும்பத்தின் பிணக்கைத் தீர்க்கத் தந்திரமாக ஒரு சண்டையை மூட்டி, அதில் கண்ணம்மா ஆடும் ஆட்டம் அரங்குகளை அதிர வைத்தது. பிறர் வீட்டுப் பின்கட்டில் நின்று பெரிய மனிதர்களைக் கவனித்த சிறுமியின் கண்கள், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கண்ணம்மாவின் கண்களாயின. அந்த வேலைக்காரியிடம் கூனிக்குறுகல் இல்லை. வீட்டின் மானத்தில் தனக்கும் பங்குண்டு என்னும் நிமிர்வு இருந்தது.

1985இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று கின்னஸ் உலகச் சாதனை நூல் அவர் பெயரைப் பதிந்தது. 1989இல் வெளியான பார்த்திபனின் ‘புதிய பாதை’ அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 2002இல் பத்மஸ்ரீ விருது வந்தது. தமிழுக்கு அப்பால் தெலுங்கிலும் மலையாளத்திலும் நடித்தார். 1974இல் மெகமூதின் ‘குவாரா பாப்’ வழியே இந்தித் திரைக்கும் சென்று வந்தார்.

ஒரு பெரிய சறுக்கல்

திரைக்கு வெளியேயும் அவர் தடுக்கி விழுந்ததுண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தபோது, மாற்றணிக்கு ஆதரவளித்த ரஜினிகாந்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். தேர்தலில் அவர் ஆதரித்த கட்சி தோற்றது. பேச்சின் விளைவாக மக்களிடையே மனத்தாங்கல் எழுந்தது. பட வாய்ப்புகள் குறைந்தன. ஆயிரம் படம் கண்டவர் வீட்டில் அமர வேண்டிய நிலை வந்தது. அந்நிலையில் ரஜினிகாந்தே தம்முடைய ‘அருணாசலம்’ படத்தில் நடிக்க அவரை அழைத்தார். 1997இல் வெளிவந்த அப்படத்தோடு மனோரமா மீண்டும் எழுந்தார். அழைத்தவரின் பெருந்தன்மையை அவர் பின்னர்ப் பலமுறை நன்றியோடு நினைவு கூர்ந்தார். நாவால் உயர்ந்தவர் நாவால் இடறினார். இடறியதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அது அவருடைய மதிப்பைக் குறைக்கவில்லை.

பெயர் திரும்பி வந்த வழி

2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் இரவு, சென்னையில், 78ஆம் வயதில் மனோரமா மறைந்தார். அவர் மறைந்து ஒரு பத்தாண்டு உருண்டோடிவிட்டது. இன்றும் எங்கோ ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியில் ரமாமணி பேசிக்கொண்டிருக்கிறார். கண்ணம்மா சண்டை பிடிக்கிறார். பெட்டகத்தின் சாவியைத் தேடி ஒரு பொய்ச்சாமியார் வியர்த்துக்கொண்டிருக்கிறார். அவரோடு நடித்த நாயகியர் பலரின் பெயரைச் சொல்லத் தயங்கும் இளையோரும் ஆச்சியின் பெயரைச் சொல்லத் தயங்குவதில்லை.

செட்டிநாட்டில் ஆச்சி என்பது வெறும் விளிச்சொல் அன்று. வளவில் அமர்ந்து வீட்டை ஆளும் பெண்ணுக்கு, சாவிக்கொத்து இடுப்பில் ஆடும் பெண்ணுக்கு, ஊர் தரும் மதிப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. பள்ளத்தூரில் ஒரு காலத்தில் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லி, அந்த வீடுகளின் பின்கட்டு வாசலில் வேலைக்காக நின்ற ஒரு சிறுமி இருந்தாள். ஏவிய வேலையைச் செய்தாள். கொடுத்த கூலியை வாங்கித் தாய்க்கு மருந்து வாங்கினாள். அவள் குடியால் அந்தச் சொல்லுக்கு உரியவள் அல்லள். செல்வத்தாலும் உரியவள் அல்லள்.

காலம் அந்தச் சொல்லை அவளிடமே கொண்டு வந்து கொடுத்தது. தமிழ் கூறும் நல்லுலகம் முழுவதும் அவரை ஆச்சி என்று அழைத்தது. பின்கட்டு வழியே பள்ளத்தூருக்குள் நுழைந்தவர் முகப்பின் வழியே வெளியே வந்தார். இடையில் எத்தனை முறை தடுக்கி விழுந்தார் என்பதற்குக் கணக்கில்லை. விழுந்தபோதெல்லாம் ஊர் சிரித்தது; எழுந்தபோதெல்லாம் அவரும் சேர்ந்து சிரித்தார்.